ஒரு சிட்டிகை மேலுரம்

ஒன்றுமில்லாத ஒரு வட்டத்துக்குச் சோமசேகரன் மூவாயிரம் ரூபாய் விலை வைத்தான். விலை வைப்பது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி. காரைக்கால் நெல் மண்டியில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து பேரம் கேட்டே பேசக் கற்றவன். திருநள்ளாறு ரோட்டில் உரக்கடை வைத்த பிறகு அந்தப் புத்தி இன்னும் கூர்மையாகியிருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலுக்கு எவ்வளவு, சாவு வீட்டுக்குப் போனால் பாடைக்கு எவ்வளவு என்று மனசு தானாகக் கூட்டும். ஆனால் பெண்கள் கல்லூரியின் தாவரவியல் லேபில் அவன் மனைவி தையல்நாயகி ஒரு சின்னக் கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டியபோது அந்தக் கணக்குப் பொறி ஒரு நொடி சுற்றாமல் நின்றது. கஞ்சி ஆறினால் மேலே படியுமே, அந்த மாதிரி தட்டு முழுக்க வெளுத்த ஆடை. நடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய காகித வில்லை. வில்லையைச் சுற்றி மட்டும் ஆடை இல்லை. கழுவி விட்டது போலத் தெளிந்த ஒரு வட்டம்.

“இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லைங்க. அதுதான் விசேஷமே. வெள்ளையா இருக்கிறதெல்லாம் புண்ணுல சீழ் வைக்கிற கிருமி. அந்த வில்லைல நம்ம பாசியோட சாறு ஒரு சொட்டு விட்டேன். கிட்ட வர முடியாம எட்டியே நிக்கிது பாருங்க.”

“மூவாயிரம் தரலாம்.”

“விக்கிறதுக்கில்ல.”

“விக்கிறதுக்கில்லேன்னு சொல்ற சரக்குதான் நாலாயிரத்துக்குப் போவும்.”

அந்தப் பாசி கோட்டுச்சேரிமேட்டுக்குப் பக்கத்தில், நெல் வயல் முடிந்து உவர் மண் தொடங்குகிற மூலையில் கிடைத்தது. மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பிள்ளைகள் எல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க, தையல்நாயகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் குந்தியிருந்தாள். கறுப்பு ஓடிய பச்சையில், நனைந்த வெல்வெட் துண்டு போல ஒரு திட்டு. தண்ணீர் தேங்கிய இடத்தில் எல்லாம் மற்ற பாசிகள் நெருக்கியடித்து மண்டியிருக்க, இந்தத் திட்டைச் சுற்றி மட்டும் விரல் அகலத்துக்கு வெறும் சேறு. வேறு யாராக இருந்தாலும் பச்சையைப் பார்த்திருப்பார்கள். அவள் வெறும் சேற்றைப் பார்த்தாள். இது எதையோ கசியவிட்டு அக்கம்பக்கத்தைத் தள்ளி வைத்திருக்கிறது என்று அங்கேயே அவளுக்குப் பட்டுவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளி வந்து, பூச்சி புழுவும் மற்ற பாசியும் போக அந்த ஒரு ஜாதியை மட்டும் பிரித்தெடுக்க இரண்டு வருஷம் ஆயிற்று. இரண்டு வருஷம் ஒரு சரக்கை வாங்கி வைத்துக்கொண்டு விற்காமல் இருக்கிறவளைச் சோமசேகரன் அதுவரை பார்த்ததில்லை.

நீலப்பச்சைப் பாசி என்று அதற்குப் பெயர் இருந்தாலும் பிறவியில் அது பாசியே இல்லை, பாக்டீரியா வகை என்று அவள் விளக்கியிருந்தாள். பூமியில் முதன்முதலாகக் காற்றுக்குப் பிராணவாயு கொடுத்ததே அதன் பாட்டன் முப்பாட்டன்கள்தானாம். “அப்ப நாமெல்லாம் அதுக்கு வாடகை பாக்கி” என்றான் அவன். பல்லும் நகமும் இல்லாத இந்த வழவழப்பு, நகரவும் ஓடவும் முடியாத இந்தச் சேற்றுப் பூச்சு, இத்தனை காலம் பிழைத்திருப்பது உடம்புக்குள் அது காய்ச்சுகிற சரக்கால்தான் என்பது அவள் கட்சி. கிருமியைக் கொல்ல ஒன்று, பூஞ்சணத்தைத் தடுக்க ஒன்று, தின்ன வருகிற பூச்சியை விரட்ட ஒன்று என்று எத்தனையோ. நம்ம பாசி காய்ச்சுகிறதற்கு இன்னும் பெயர்கூட இல்லை. “கண்டுபிடிக்கிறது அப்புறம். முதல்ல இருக்குன்னு நிரூபிக்கணும்” என்பாள்.

பக்கத்து மளிகைக் கடை அல்லா பிச்சைக்கு இது நல்ல பொழுதுபோக்கு. கிருமி வளர்க்கும் தட்டுக்கு ஊற்றுகிற அகரும் தன் கடையில் நோன்புக் காலத்தில் பாலும் சீனியும் போட்டுக் காய்ச்ச வாங்கிப் போகிற கடல்பாசியும் ஒன்றுதான் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்கு இருப்பதாக நினைப்பு.

“என்ன மொதலாளி, காத்துலேந்தே உரம் புடிக்கிற பாசிய வீட்டம்மா வளக்குறாங்களாமே? நாளைக்கு வெவசாயி அத வாங்கி வயல்ல வுட்டுட்டா ஒங்க யூரியா மூட்டைய யாருக்கு விப்பீங்க?”

“ஒங்களுக்குத்தான் பாய். சீனின்னு சொல்லி ஒங்க கடைலயே தள்ளிட மாட்டேன்?”

விளையாட்டு அந்த டிரங்க் கால் வரைக்கும்தான். கடைப் போன் அடித்து, எடுத்தால், மெட்ராஸிலிருந்து பேராசிரியர் சிதம்பரநாதன். தையல்நாயகியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. அவளுடைய பாசியைக் குழாயில் வாங்கிப் போய்த் தன் லேபில் வளர்த்துப் பார்த்தவர். கடலைத் தாண்டிப் பேசுகிறவர் மாதிரி கத்தினார். அவள் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்ததால் கல்லாவில் இருந்த சோமசேகரனுக்கும், யூரியா வாங்க வந்திருந்த இரண்டு பேருக்கும் எல்லாம் கேட்டது. அங்கே மூன்று தடவை செய்தும் வட்டம் வரவில்லை. இவள் பார்த்தது சாறு எடுக்கிற ஸ்பிரிட்டின் வேலையாக இருக்கும். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவது நல்லது. தனக்கு ஏழரைச் சனி நடக்கிறது, வீட்டில் நச்சரிக்கிறார்கள், ஐப்பசி முதல் சனிக்கிழமை திருநள்ளாறு வருகிறார். அன்றைக்கு வட்டத்தைக் கண் முன்னால் காட்டினால் தீஸிஸில் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் இல்லை.

அவள் போனை வைத்தாள். “ஸ்பிரிட் மட்டும் விட்ட வில்லையும் ஒவ்வொரு தட்டுலயும் தனியா வைக்கிறேன். அதுல வட்டம் வராது. எத்தனை தடவ எழுதியிருக்கேன்,” என்றாள் யாரிடமோ போல. பிறகு அவனைப் பார்த்து, “அந்த அத்தியாயத்த எடுத்துட்டா என் தீஸிஸ்ல மிச்சம் இருக்கிறது காரைக்கால் பாசிங்களோட ரேஷன் கார்டுதாங்க. இன்னின்ன ஊர்ல இன்னார் இன்னார் குடியிருக்காங்கன்னு. அதுக்கா ஏழு வருஷம்?”

அதற்குள் விடைத்தாள் திருத்தப் பாண்டிச்சேரி போக வேண்டிய உத்தரவு வந்தது. மழைக்கு லேப் கூரை ஒழுகியதால் பாசிக் குடுவைகளை முன்பே கடை மாடிக்குக் கொண்டுவந்து டியூப் லைட்டுக்குக் கீழே அடுக்கியிருந்தாள். பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனது இது: “காலைல லைட்டப் போடுங்க, ராத்திரி அணைங்க. ஒரு தடவ குடுவைய லேசா ஆட்டி விடுங்க. வேற ஒண்ணுமே பண்ணாதீங்க.”

ஒண்ணுமே பண்ணாமல் இருப்பதுதான் உலகத்திலேயே சிரமமான வேலை, அதுவும் வியாபாரிக்கு. முதல் நான்கைந்து நாள் சரியாகத்தான் இருந்தான். பிறகு குடுவைகளில் பச்சை வெளிறத் தொடங்கியது. ஒருநாள் பழுத்த எலுமிச்சை இலை நிறம், மறுநாள் அதைவிட மோசம். கீழே கடையில் தினமும் நடக்கிற காட்சி இதுதான். விவசாயி மடியிலிருந்து மஞ்சள் பூத்த நெல் தோகையை எடுத்து நீட்டுவான். சோமசேகரன் முழுசாகக்கூடப் பார்க்க மாட்டான். “தழைச்சத்து கொறச்சல். மேலுரம் போடு, மூணே நாள்ல பச்சை கறுத்துரும்.” போட்டவன் வயல் கறுத்தும் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக வாய் தானாகச் சொல்லும் மருந்து. அவள் அங்கே பேப்பர் திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்க, இங்கே அவள் பிள்ளைகள் சோகை பிடித்துச் சாவதை அவன் பார்த்துக்கொண்டு நிற்பதா? கீழே போனான். பிரித்த மூட்டையிலிருந்து சுத்தமான வெள்ளை முத்துகளாகப் பொறுக்கி, பொடித்து, ஒவ்வொரு குடுவைக்கும் ஒரு சிட்டிகை போட்டான். எதற்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

மூன்றே நாள். குடுவைகள் எல்லாம் கழுத்து வரைக்கும் கரும்பச்சை. அல்லா பிச்சையை மாடிக்கு அழைத்துவந்து காட்டினான். “மாஷா அல்லாஹ், தளதளன்னுல்ல இருக்கு!” என்றார் அவர். அவள் வந்து பார்க்கிற முகத்தை நினைத்து நினைத்து அவனுக்கு இரண்டு நாள் வியாபாரமே ஓடவில்லை.

அவள் வந்து பார்த்தாள். முதலில் முகம் மலரத்தான் செய்தது. பிறகு ஒரு குடுவையைத் தூக்கி, மூக்குக்கு அருகில் கொண்டுபோய், ஆட்டி, கீழே வைத்தாள். மைக்ராஸ்கோப் பெட்டியைத் திறந்தாள். அது பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துச் சைகோனிலிருந்து திரும்பிய ஒரு சொல்தா வீட்டில், பித்தளை விளக்குகளோடு ஏலத்துக்கு வந்ததைச் சோமசேகரன் அவளுக்காகப் பேரம் பேசி எடுத்தது. விற்றவர்களுக்கு அது என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. ஒரு சொட்டு வைத்துக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

“யாரோ சோறு போட்டிருக்காங்க,” என்றாள் குனிந்தபடியே.

சொல்லலாமா என்று வாயெடுப்பதற்குள் அந்தக் கண்ணாடி சொல்லிவிட்டது. “எப்படித் தெரிஞ்சுது?”

“வந்து பாருங்க. மணி கோத்த மாலை மாதிரி இருக்கில்ல? பத்துப் பதினஞ்சு பச்ச மணிக்கு ஒரு தெளிஞ்ச மணி வரணும், கொஞ்சம் பெரிசா. அதுதான் காத்துலேந்து நைட்ரஜனப் புடிச்சு மத்த மணிக்கெல்லாம் குடுக்கும். ஒண்ணுகூட இல்ல பாருங்க. கேக்காமலே சோறு வந்துச்சுன்னா யாரு அடுப்பு பத்த வைப்பா?”

அவன் பார்த்தான். பச்சை, பச்சை, பச்சை. “ஒரு சிட்டிகைதான் போட்டேன் தையலு. மஞ்சளா இருந்துச்சு.”

“எதுலல்லாம்?”

“எல்லாத்துலயும்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பேரத்துக்கு இடம் இருந்திருக்கும். அன்றே சாறு எடுத்து, லேபில் தட்டு போட்டு, மறுநாள் பார்த்தாள். எட்டுக் குடுவையின் சாறு விட்ட எட்டு வில்லையைச் சுற்றியும் கிருமி விளிம்பு வரைக்கும் வந்து மொய்த்திருந்தது. வட்டம் இல்லை. கோட்டுச்சேரிமேட்டுக்கு ஓடிப் பார்க்கலாம் என்றால் அந்த மூலை மழைத் தண்ணீரில் ஒரு ஆள் ஆழத்துக்கு முழுகிக் கிடந்தது. இந்தக் குடுவைகளை விட்டால் அந்தப் பாசி மெட்ராஸில்தான் இருந்தது, அங்கேயும் வட்டம் வராத பாசியாக. அன்று மாலை அவள் கடை வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. சோமசேகரன் கல்லாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். இந்த நஷ்டத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவனுக்கே புரியவில்லை.

திடீரென்று அவள் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

“மெட்ராஸ்லயும் யூரியாதாங்க போட்டிருக்காங்க!”

“என்னது?”

“யூரியா இல்ல, நைட்ரேட். ரெண்டும் சோறுதான். ஒரு லீவுக்கு நான் அங்க வேல பாத்திருக்கேன். எல்லாப் பாசிக்கும் ஒரே பெரிய புட்டிலேந்து நைட்ரேட் கலந்த தண்ணியத்தான் ஊத்துவாங்க. நல்லா வளரணும்ல! நல்லா வளந்திருக்கும். இங்க வளந்த மாதிரியே. பசியில்லாம இருந்திருக்கும். அதான் எதையும் காய்ச்சல.” அவள் கண் பளபளத்தது. “நீங்க மட்டும் இந்தக் காரியத்தப் பண்ணலேன்னா எனக்கு இது உறைச்சிருக்கவே உறைச்சிருக்காது.”

“அப்ப எனக்கு டாக்டர் பட்டத்துல பாதி?”

“மொதல்ல மாடிக்கு வாங்க. பாதிக் குடுவை ஒங்களுது.”

அவள் வழி அதுதான். தப்பைத் துடைத்து மறைக்கத் தோன்றவில்லை அவளுக்கு. அதற்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். நான்கு குடுவைப் பாசியைத் துணியில் வடித்து, பலமுறை அலசி, மற்ற உப்பெல்லாம் இருந்து தழைச்சத்து மட்டும் இல்லாத தண்ணீரில் விட்டாள். மீதி நான்குக்கும் அளந்து யூரியா போடுவது சோமசேகரன் வேலை. ஒரு பக்கம் விருந்து, ஒரு பக்கம் விரதம். விரதப் பக்கம் மஞ்சள் தட்டியபோது அவனுக்குக் கை அரித்தது. இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு காலையில் அவள் அவனைக் கூப்பிட்டுக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னாள். மாலைகளின் நடுவே, பத்துப் பதினைந்து பச்சை மணிக்கு ஒன்றாக, தெளிந்த பெரிய மணி. பச்சையத்தைத் துறந்துவிட்டு ஊருக்கு உலை வைக்க உட்கார்ந்துவிட்டது.

“எந்த மணி இந்த வேலைய எடுத்துக்கணும்னு யாரு சொல்றா?”

“யாரும் சொல்லல. அதுங்களுக்குள்ளயே ஏதோ பேச்சு. என்ன பேசுதுங்கன்னு முழுசா எவனுக்கும் தெரியாதுங்க.”

நான்கு தலைமுறையாகப் பங்கு பிரிக்கத் தெரியாமல் கோர்ட்டுக்குப் போன குடும்பங்களைச் சோமசேகரனுக்குத் தெரியும். ஊசி முனையில் ஒட்டுகிற இந்தச் சொட்டுக்குள் சத்தமில்லாமல் ஒரு பாகப்பிரிவினை முடிந்திருந்தது. பஜாரில் வசதியாக வளர்ந்த எத்தனையோ முதலாளி வீட்டுப் பிள்ளைகள் ஒரு காசு சம்பாதிக்காததும், ஒன்றுமில்லாமல் வந்தவன் எதையாவது காய்ச்சி விற்றுப் பிழைத்துக்கொண்டதும் அவன் கண்ட காட்சிதான். ஆனாலும் அந்தச் சரக்கை ஒருவரிடமும் கற்காமல் வெறும் வெயிலிலும் தண்ணீரிலும் செய்கிற கெட்டிக்காரத்தனத்துக்கு ஒட்ட அவனிடம் விலைச் சீட்டு இல்லை. கண்ணை எடுக்க மனசில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். “எனக்கும் கொஞ்சம் வேல இருக்குங்க, நகருங்க” என்று அவள்தான் தோளைத் தொட்டாள்.

பேராசிரியர் வருவதற்கு முந்தைய நாள் மத்தியானம் எட்டுத் தட்டும் போட்டாயிற்று. விரதக் குடுவை நான்கின் சாறு நான்கு தட்டில், விருந்து நான்கின் சாறு நான்கு தட்டில். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட் மட்டும் விட்ட இன்னொரு வில்லை. உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி இருந்தால்தான் கிருமி வளரும், வட்டம் தெரியும். லேபில் அதற்கென்று இருந்த பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சாத்தின கையோடு காற்று, மழை, கரண்ட் போயிற்று. கீழவாசல் பக்கம் கம்பமே சாய்ந்துவிட்டது, நாளை மறுநாள்தான் வரும் என்றார்கள். தட்டுகளை டிபன் கேரியரில் அடுக்கிக்கொண்டு நனைந்து போய் அவள் கடைக்கு வந்தபோது உதடு வெளுத்திருந்தது.

“எங்கயாவது முப்பத்தாறு, முப்பத்தேழு டிகிரி வேணுங்க. விட்டு விட்டு இல்ல. ராத்திரி பூரா.”

சோமசேகரன் யோசிக்கவே இல்லை. குடோனுக்கு இழுத்துப் போனான். தாளடிச் சாகுபடிக்கு நாற்று விட ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடியிருந்த அவன் சொந்த விதைநெல் மூட்டைகள். முளை விடுகிற நெல் சும்மா இருக்காது. கையை உள்ளே விட்டால் காய்ச்சல்காரன் கழுத்தைத் தொட்ட மாதிரி இருக்கும். அவள் தெர்மாமீட்டரை இரண்டு மூட்டைக்கு நடுவே செருகி, காத்திருந்து, எடுத்துப் பார்த்தாள். முப்பத்தாறு. அவள் அவனைப் பார்த்த பார்வைக்கு அவன் மண்டியில் கேட்ட எந்த விலையும் ஈடில்லை. கேரியரை இறக்கி, மேலே இன்னொரு மூட்டையைச் சாய்த்தார்கள்.

“இனிமே இந்தக் கேரியர்ல எனக்குச் சோறு கிடையாதுன்னு சொல்லு,” என்றான் அவன்.

“கொதிக்கிற தண்ணில போட்டாலும் கிடையாது.”

சனிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. பேராசிரியர் வருவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று குடோன் மேசையில் கேரியரைத் திறந்தார்கள். விருந்துத் தட்டு நான்கிலும் கிருமி ஆடை வில்லை வரைக்கும் வந்து முட்டியிருந்தது. விரதத் தட்டில் முதலாவது: வட்டம். இரண்டாவது: வட்டம், இன்னும் அகலமாக. மூன்றாவது: வட்டம். ஸ்பிரிட் வில்லைகளைச் சுற்றி எல்லாம் கிருமி மொய்த்திருந்தது. நான்காவது தட்டைத் திறந்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். அதில் வட்டம் இல்லை.

“ஏன்?”

“தெரியலைங்க.”

“தெரியலேன்னா அத எடுத்து இப்படி வை,” என்று அவன் அந்தத் தட்டைச் சாக்குக்குப் பின்னால் தள்ளினான். “அழுகின தக்காளிய யாராவது கூடைக்கு மேல வைப்பாங்களா? மூணுக்கு மூணு. சுத்தமான கணக்கு.”

அவள் அதைத் திரும்ப எடுத்தாள். மூடியை முந்தானையால் துடைத்து, எட்டுத் தட்டுக்கும் முன்னால், வாசலிலிருந்து பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்தாள்.

“இது ஏன் வரலேன்னு தெரிஞ்சாத்தான் மத்தது ஏன் வந்துச்சுன்னு தெரியும்.”

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. குளத்தில் முழுகி எள் தீபம் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார் சிதம்பரநாதன். நெற்றியில் ஈரத் திருநீறு, காதோரம் நல்லெண்ணெய் மினுக்கம். பழைய வேட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கட்டிய புது வேட்டியில் கடைச் சீட்டு கிழிபடாமல் ஒட்டியிருந்தது. ஆறு ரூபாய் ஏமாந்திருக்கிறார் என்று சோமசேகரன் கண் தானாகக் கணக்குப் போட்டது. “எங்கே, காட்டு” என்றார் அவர் உட்காராமலே. அவள் முதல் தட்டாக அந்த வட்டமில்லாத தட்டையே நீட்டினாள். அவர் புருவத்தை உயர்த்தினார். அடுத்ததை நீட்டினாள். அதையும் வாங்கி, குடோன் கதவைத் திறந்து வெயிலில் போய் நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்து வட்டத்தின் மேல் வைத்தார். பிறகு அடுத்தது. முளைவிட்ட நெல்லின் புளித்த வாசனைக்கு நடுவே அந்த ஸ்கேல் ஒரு கண்ணாடியிலிருந்து இன்னொரு கண்ணாடிக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

தையல்நாயகி சுவரில் மாட்டியிருந்த உர விலைப் பலகையை இறக்கி, பொட்டாஷ், யூரியா எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்தாள். சாக்பீஸை எடுத்து நிறுத்தி எழுதினாள்.

விருந்து: தட்டு நான்கு, வட்டம் இல்லை.
விரதம்: தட்டு நான்கு, வட்டம் மூன்று.
பாக்கி: ஒன்று.